அடித்தல் திருத்தல்

மருத்துவ அலட்சியம் என்று யார் வந்தாலும் வக்கீலாக நான் முதலில் கேட்பது, சிகிச்சையை அவ்வப்போது எழுதிவைக்கும் கேஸ் ஷீட்டைத்தான். பெரும்பாலும் இருக்காது. மஞ்சள் பையில் டிஸ்சார்ஜ் சம்மரியும் மருந்துக்கடை பில்லும் மட்டும் இருக்கும். கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. இது தெரியாமலேயே ஒரு வருடம் ஓடியிருக்கும். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இருப்பதோ இரண்டே வருடம்.

பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கில் இறந்துபோன ஒரு பெண்ணின் கணவருக்காக ஆஜரானேன். நர்ஸ் சார்ட் வந்தது. மாலை நான்கிலிருந்து நள்ளிரவு வரை அரை மணிக்கு ஒரு தடவை பிபி, நாடித்துடிப்பு. முத்து முத்தான எழுத்து, ஒரு அடித்தல்கூடக் கிடையாது. எட்டு மணிக்கு ஷிஃப்ட் மாறியிருக்கிறது, கையெழுத்து மட்டும் மாறவில்லை. அதை ஒரு கேள்வியாக எழுதிக் கொடுத்தேன். அதற்கப்புறம் வழக்கே அந்த ஒரு தாளைச் சுற்றித்தான் நடந்தது. அந்த நர்ஸ் மேல் எனக்குக் கோபமில்லை. யாரோ உட்காரவைத்து எழுதி வாங்கியிருப்பார்கள்.

இன்னொரு முறை டாக்டர் பக்கம். மருத்துவக் கவுன்சிலில் அவர் மேல் புகார். அவருடைய கேஸ் ஷீட்டில் டீக்கறை, நாலு இடத்தில் அடித்தல், ஓரத்தில் கிறுக்கல்: '3.10 மயக்க டாக்டருக்கு போன், எடுக்கவில்லை. 3.20 மறுபடி.' வெட்கப்பட்டுக்கொண்டே, "நல்லா ஒரு காப்பி எழுதித் தரட்டுமா சார்?" என்றார். கிட்டத்தட்ட கத்திவிட்டேன். நோயாளி பிழைக்கவில்லை என்பதாலேயே டாக்டர் அலட்சியமாக இருந்தார் என்றாகிவிடாது. ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னதுதான். ஆனால் அந்த ராத்திரி அவர் என்ன செய்தார் என்று காட்ட அந்தக் கிறுக்கலை விட்டால் எங்களிடம் வேறு என்ன இருந்தது?

டாக்டர்கள் 1995-லேயே நுகர்வோர் சட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். வக்கீல்கள் வரமாட்டார்கள் என்று 2024 மே மாதம் தீர்ப்பு வந்த அன்று, அதே டாக்டர் போன் செய்தார். "தப்பிச்சிட்டீங்க சார்!" சிரித்தேன். பார் கவுன்சில் இருக்கிறது, தவறு செய்கிற வக்கீலைத் தண்டிக்க வழக்கறிஞர் சட்டம் 35-ஆவது பிரிவு இருக்கிறது என்று சொன்னேன். சமாதானம் சொன்ன மாதிரிதான் எனக்கே பட்டது.

இப்போதெல்லாம் கட்சிக்காரர் எழுந்து போனதும் கேஸ் கட்டின் உள்ளட்டையில் தேதி போட்டு எழுதிவிடுகிறேன்: 'சமரசம் பேசலாம் என்றேன், மறுத்தார்.' எந்தப் பேனா கைக்கு வருகிறதோ அதில். ஒன்றும் புரியவில்லை, டைப் அடித்து வைக்கட்டுமா என்று கேட்கிறார் குமாஸ்தா. வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.