கொப்னெட்டைத் தேடி

அக்டோபரில் என் மாமியாருக்கு எண்பது வயது நிறைந்தது. என்ன வேண்டும் என்று கேட்டோம். பொருள் எதுவும் வேண்டாம் என்றார். "என் அப்பாவை வளர்த்த பாட்டி எந்த வீட்டுப் பெண் என்று தெரிந்தால் போதும்" என்றார்.

அவருக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். பாட்டியின் பெயர் ஆபி. ஊர், அயர்லாந்தின் தென்மேற்கில் கெர்ரி கவுண்டியில் கென்மேர் பக்கம். குடும்பப் பெயர் சல்லிவன். கடைசி வரை ஐரிஷ் மொழியில்தான் ஜெபம் சொன்னார். அவ்வளவுதான்.

நான் தூத்துக்குடிக்காரி. அயர்லாந்தின் கோர்க் நகரில் எங்கள் கல்யாணத்துக்கு ஊர்ப் பங்கிலிருந்து, அதாவது எங்கள் கோயில் வட்டாரத்திலிருந்து, திருமுழுக்குச் (ஞானஸ்நானச்) சான்றிதழ் கேட்டபோது, அம்மா கோயிலுக்குப் போய் அரை மணி நேரத்தில் வாங்கி அனுப்பிவிட்டார். அந்த நினைப்பில்தான் இதையும் கையில் எடுத்தேன். நான்கு மாதம் ஆனது.

அயர்லாந்தில் இந்தத் தேடலுக்கு, திருமுழுக்கையும் திருமணத்தையும் பதிந்து வைத்த பங்குக் கோயில் ஏடுகளே கதி. அதற்குக் காரணம் ஒரு தீ. 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான நான்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளும் ஏறக்குறைய முழுதாகச் சாம்பலாயின. அதற்கடுத்த நான்கும் அதற்கு முன்பே அரசு உத்தரவிலேயே அழிக்கப்பட்டிருந்தன. அரசுச் சபையாக இருந்த புராட்டஸ்டன்ட் சபையின் (அயர்லாந்து சபையின்) ஏடுகளில் பாதிக்கு மேல் அங்கேதான் இருந்தன, அவையும் போயின. கத்தோலிக்க ஏடுகளை அரசு ஒருபோதும் கேட்டு வாங்கவில்லை. அவை அந்தந்தப் பங்குத்தந்தையின் அலமாரியிலேயே கிடந்ததால் தப்பின. ஒரு காலத்தில் ஒடுக்கப்பட்ட சபையின் ஏடுகள்தான் இன்று ஏழை எளியவர்களின் பெயர்களைக் காப்பாற்றி வைத்திருக்கின்றன. இதை நினைத்தால் இன்னும் எனக்குச் சிலிர்க்கிறது.

சரி, எங்கிருந்து தொடங்குவது? பின்னாலிருந்துதான். முழுதாக மிஞ்சிய கணக்கெடுப்புகளில் மிகப் பழையவை 1901, 1911 இரண்டும். தேசிய ஆவணக் காப்பகம் அவற்றை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. மாமியாரின் அப்பா 1899இல் பிறந்தவர். 1901இல் இரண்டு வயதுக் குழந்தையாக அவர் இருந்த வீட்டைக் கண்டுபிடித்தேன். அதே வீட்டில் விதவைப் பாட்டி: ஆபி, வயது 54, வாசிக்கத் தெரியாது, ஐரிஷும் ஆங்கிலமும் பேசுவார். 1911இல் அதே வீடு, அதே பேரன், இப்போது பன்னிரண்டு வயது. ஆனால் பாட்டியின் பெயர் டெபோரா, வயது 72.

பத்து வருஷத்தில் பதினெட்டு வயது கூடியிருந்தது. வேறொரு கிழவி என்று நினைத்து ஒரு வாரம் வீணாக்கினேன். பிறகுதான் புரிந்தது. 1909 ஜனவரியில் முதியோர் ஓய்வூதியம் வந்தது, எழுபது வயதானவர்களுக்கு மட்டும். பிறந்த தேதி யாருக்குத் தெரியும்? 1901இல் தோராயமாகச் சொன்ன வயது, ஓய்வூதியம் வந்ததும் மேலே ஏறிவிடும். இந்த நாட்டில் ஆயிரக்கணக்கான வீடுகளில் இப்படித்தான். ஆகவே ஆபி 1840க்கு முன்பின் பிறந்தவர் என்று வைத்துக்கொண்டேன். ஆனால் டெபோரா என்ற பெயர்?

அதை ஓரமாக வைத்துவிட்டு மாமியாரின் தாத்தாவைத் தேடினேன். கத்தோலிக்கர் உட்பட எல்லோருடைய பிறப்பு, திருமணம், இறப்பையும் அயர்லாந்து அரசு பதியத் தொடங்கியது 1864 ஜனவரி 1இல். தாத்தா ஜெரமையா 1866இல் பிறந்தவர் என்பதால் அகப்பட்டார். பதிவேட்டின் படமே அரசுத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் உண்டு. ஆவலோடு திறந்தேன். அபிகெய்ல் சல்லிவன், பிறந்த வீட்டுப் பெயரும் சல்லிவன். கென்மேர் பக்கம் கல்லெறிந்தால் ஒரு சல்லிவன் மேல்தான் விழும்.

இனி கோயில் ஏடுதான். 1864க்கு முந்தைய கத்தோலிக்கத் திருமணத்துக்கு வேறு சாட்சியமே கிடையாது.

டப்ளின் கில்டேர் தெருவில் உள்ள தேசிய நூலகம் 1950களில் தொடங்கி நாடு முழுக்கப் பங்கு ஏடுகளை மைக்ரோஃபிலிமில் எடுத்து வைத்தது. 2015 ஜூலையில் அந்தப் படங்கள் எல்லாவற்றையும் இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டது. ஆயிரத்துக்கு மேற்பட்ட பங்குகள், பெரும்பாலும் 1880 வரை. ஆனால் அங்கே பெயரைத் தட்டித் தேட முடியாது. பங்கின் பெயரையும் ஆண்டையும் தேர்ந்தெடுத்து, பக்கம் பக்கமாகக் கண்ணால் துழாவ வேண்டும். அதற்கு எந்தப் பங்கு என்று தெரிந்திருக்க வேண்டும். பங்கு தெரிய வேண்டுமானால் டவுன்லேண்ட் தெரிய வேண்டும். டவுன்லேண்ட் என்றால் சில பத்து வீடுகள், சில நேரம் நாலே வீடுகள் உள்ள நிலத்துண்டு. நாடு முழுக்க அறுபதாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. அரசு நிர்வாகத்துக்குச் சிவில் பங்கு என்று ஒன்று, கோயிலுக்குக் கத்தோலிக்கப் பங்கு என்று இன்னொன்று, இரண்டின் எல்லையும் ஒன்றல்ல. பிறப்புப் பதிவில் டவுன்லேண்ட் இருந்தது, அதை வைத்துத்தான் கத்தோலிக்கப் பங்கைப் பிடித்தேன். கெர்ரி ஏடுகளுக்கு அரசின் வம்சாவளித் தளத்தில் பெயர் அட்டவணையும் இருக்கிறது, அது பெரிய உபகாரம்.

முதன்முதலாக 1866ஆம் ஆண்டுப் பக்கத்தைத் திறந்த இரவு நன்றாக நினைவிருக்கிறது. பிள்ளைகள் தூங்கியபிறகு சமையலறை மேசையில் மடிக்கணினி. சாம்பல் நிறப் பக்கம். இடது ஓரத்தில் ஈரம் ஏறி ஒரு கறை, அதற்குள் நான்கு வரிகள் மூழ்கிக் கிடந்தன. பின்பக்க மை இந்தப் பக்கம் ஊறி எழுத்துக்குக் கீழே இன்னொரு எழுத்து நிழலாக ஓடியது. சாமியார் அவசரக்காரர் போல. 'பாப்டிசாவி' என்ற லத்தீன் சொல்லை முதல் வரியில் முழுதாக எழுதிவிட்டு, மற்ற வரிகளில் 'பாப்' என்று வெட்டி ஒரு கோடு இழுத்திருந்தார். 'எக்ஸ்' என்றால் அதன்பின் வருவது பெற்றோர். 'ஸ்ப்' என்றால் ஞானப்பெற்றோர், அதாவது திருமுழுக்கில் குழந்தைக்குப் பொறுப்பேற்று நிற்பவர்கள். பத்துப் பக்கம் பார்த்ததும் கண் பழகிவிடுகிறது. மார்ச் 4, ஜெரெமியாம் என்று ஒரு வரி. டவுன்லேண்டும் சரி, பெற்றோரும் சரி.

ஆனால் அரசுப் பதிவில் பிறந்த தேதி மார்ச் 19. பிறப்பதற்குப் பதினைந்து நாள் முன்பே திருமுழுக்கு! தாமதமாகப் பதிந்தால் அபராதம் என்பதால் பிறந்த தேதியைத் தள்ளிச் சொல்லிவிடுவார்கள். குழந்தை இறந்துவிடுமோ என்ற பயத்தில் கோயிலுக்கு மட்டும் ஓரிரு நாளிலேயே தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். இரண்டும் முரண்பட்டால் கோயில் ஏட்டைத்தான் நான் நம்புவேன்.

அந்த வரியில் தாயின் பெயர் அபிகெய்ல் இல்லை. 'கொப்' என்று தொடங்கி, கடைசியில் ஒரு சுழி. எனக்குப் புரியவில்லை. அட்டவணை ஒன்றில் இதை ஜோஹானா என்று படித்து ஏற்றியிருந்தார்கள். மறுநாள் காலை என் கணவரிடம் காட்டினேன். பார்த்த மாத்திரத்தில், "கொப்னெட்" என்றார்.

கொப்னெட், பக்கத்துக் கோர்க் கவுண்டியில் பாலிவோர்னி ஊரின் புனிதை, தேனீக்களின் காவலி. ஐரிஷ் மொழியில் மட்டும் வாழும் பெயர் அது. ஆங்கிலத்தில் எழுத வந்தவர்கள் அதற்கு ஈடாக அபிகெய்ல் என்றும் ஆபி என்றும் டெபோரா என்றும் போட்டார்கள். டெபோரா என்ற எபிரேயப் பெயருக்குத் தேனீ என்றே பொருள். ஆக 1901இன் ஆபியும் 1911இன் டெபோராவும் ஒரே பெண்மணிதான். வீட்டில் அவரை அந்த இரண்டு பெயராலும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். ஜெரமையாவும் அப்படித்தான். வீட்டில் டியர்மட், ஆங்கிலத்தில் டார்பி, ஏட்டில் ஜெரெமியாஸ். டோனஹா என்றால் டெனிஸ், ஏட்டில் டயோனீசியஸ். ஒரே ஆளுக்கு மூன்று மொழியில் மூன்று பெயர். இதைத் தெரிந்துகொள்ளாமல் தேடுவது இருட்டில் ஊசி கோப்பதுதான்.

தெரிந்த பின்னும் தவறு செய்தேன். அதே பங்கில் 1841இல் ஓர் அபிகெய்ல் சல்லிவன் திருமுழுக்குப் பெற்றிருந்தாள். வயது பொருந்தியது, மகிழ்ச்சி தாங்கவில்லை. மூன்று வாரம் அவளுடைய அண்ணன் தம்பிகள், தாத்தா பாட்டி என்று கிளை விரித்துக்கொண்டே போனேன். பிறகு 1859 திருமண ஏட்டில் அதே டவுன்லேண்டின் அந்தப் பெண் ஷே என்ற குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டிருப்பதைப் பார்த்தேன். நம்முடைய ஆபி இல்லை. மூன்று வாரத்து வேலையை அழிக்கும்போது அழுகையே வந்துவிட்டது.

அப்புறம்தான் நிதானமாக யோசித்தேன். கல்யாணம் பெண் வீட்டுப் பங்கில்தானே நடக்கும்? கென்மேரை விட்டுவிட்டு அடுத்த பங்கின் ஏட்டை எடுத்தேன். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் கல்யாணம் கிடையாது என்பதால் கிராமத்து அயர்லாந்தில் அதற்கு முந்தைய வாரங்களில் கல்யாணங்கள் குவியும். ஆகவே பிப்ரவரிப் பக்கங்களை மட்டும் முதலில் புரட்டினேன். 1862 பிப்ரவரியில் இருந்தார்கள்! மாப்பிள்ளை சல்லிவன் ருவா, பெண் கொப்னெட்டா சல்லிவன் போன். எல்லோரும் சல்லிவன் என்பதால் கிளைக்கு ஒரு பட்டப்பெயர். ருவா என்றால் செம்பட்டை, போன் என்றால் வெள்ளை. பக்கத்திலேயே, மூன்றாம் தலைமுறை இரத்த உறவுக்கு விலக்கு அளிக்கப்பட்டது என்று ஒரு குறிப்பு. அதாவது இருவருக்கும் கொள்ளுத்தாத்தா ஒருவரே. முறைப்பெண்ணைக் கட்டுவது உரிமை என்று வளர்ந்த எனக்கு, அதற்கு ஆயரிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது புதிதாக இருந்தது.

ஆனால் அந்த வரியில் பெற்றோர் பெயர் இல்லை. திருமண ஏடுகள் பலவற்றில் இருப்பதில்லை. அந்தப் பங்கின் திருமுழுக்கு ஏடோ 1840களின் நடுவில்தான் தொடங்குகிறது. ஆபி அதற்கு முன்பே பிறந்துவிட்டார். அவருடைய திருமுழுக்கு எழுதப்பட்ட தாள் உலகத்தில் எங்கேயும் இல்லை.

இங்கே கைகொடுத்தது பெயர் வைக்கும் வழக்கம். முதல் மகனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தா பெயர், இரண்டாம் மகனுக்கு அம்மாவைப் பெற்ற தாத்தா பெயர், முதல் மகளுக்கு அம்மாவைப் பெற்ற பாட்டி பெயர். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்ததுதான் என்று நமக்குத் தெரியும். அது இங்கேயும் அப்படியே நடந்திருக்கிறது. ஆபியின் பிள்ளைகள்: 1862 டிசம்பரில் டெனிஸ், 1864இல் ஹொனோரா, 1866இல் ஜெரமையா. அப்படியானால் ஆபியின் அப்பா டார்பி, அம்மா ஹொனோரா. இது ஊகம்தான். ஆனால் எதைத் தேட வேண்டும் என்று சொல்லும் ஊகம்.

ஆபியைத் தேடுவதை நிறுத்திவிட்டு, ஆபிக்குத் தம்பி தங்கை யாராவது இருப்பார்களா என்று அந்தப் பங்கின் ஏட்டை முதல் பக்கத்திலிருந்து பார்த்தேன். பஞ்ச காலம் அது. 1845இல் உருளைக்கிழங்கு அழுகத் தொடங்கியது. சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள், அதற்கும் மேற்பட்டோர் கப்பலேறினார்கள். அந்தத் துயரத்தைப் பற்றி ஏட்டில் ஒரு வார்த்தையும் இல்லை. ஆனால் பக்கங்கள் சொல்கின்றன. 1846இல் ஒரு மாதத்துக்கு ஒரு பக்கம் நிரம்புகிறது. 1848இல் அதே பக்கத்தில் மூன்று மாதம் அடங்கிவிடுகிறது. குழந்தைகளே பிறக்கவில்லை. 1850களின் தொடக்கத்தில், கென்மேர் பகுதியின் பெரும் நிலக்கிழார் லேன்ஸ்டவுன் பிரபுவின் பண்ணை தன் குடியானவர்களை நூற்றுக்கணக்கில் நியூயார்க்குக்குக் கப்பலேற்றி அனுப்பியது. அதன்பின் சில குடும்பப் பெயர்களே ஏட்டிலிருந்து மறைந்துவிடுகின்றன. அந்த இரவுகளில் நான் சீக்கிரமே மூடி வைத்துவிடுவேன்.

டார்பி சல்லிவன் போன், ஹொனோரா ஷே. 1846இல் ஒரு மகன். பிறகு ஏழு வருஷம் ஒன்றுமில்லை. 1853இல் ஒரு மகன். 1856இல் ஒரு மகள், பெயர் மேரி.

அந்த மேரியின் வரியைப் படித்துக்கொண்டே வலது பக்கம் போனேன். ஞானத்தகப்பன் பெயர் கறையில் போய்விட்டது. ஞானத்தாய்: கொப்னெட்டா சல்லிவன்.

தங்கையைக் கையில் ஏந்தி நின்ற பதினாறு வயதுப் பெண். தன் திருமுழுக்கில் இல்லாத ஆபி, தங்கையின் திருமுழுக்கில் இருந்தார். உங்கள் ஆளின் வரி கிடைக்கவில்லை என்றால் அடுத்தவர் வரிகளின் வலது ஓரத்தைப் பாருங்கள். ஞானப்பெற்றோர் பெரும்பாலும் அண்ணன், தம்பி, அத்தை, சித்தி என்று சொந்தத்திலிருந்துதான் வருவார்கள்.

அந்தப் பக்கத்தை அச்செடுத்து மாமியாரிடம் கொடுத்தேன். பூதக்கண்ணாடியை வைத்து அந்த ஒரு சொல்லையே வெகு நேரம் பார்த்தார். "அப்பா கொப்னெட் என்று சொன்னதே இல்லையே" என்றார். பிறகு, என்னைத் திருத்துவதுபோல, 'க'வுக்கும் 'கொ'வுக்கும் நடுவில் ஓர் ஒலியில் இரண்டு தரம் சொல்லிக் காட்டினார்.

பிப்ரவரி 11 புனித கொப்னெட்டின் திருநாள். அன்று பாலிவோர்னி கோயிலில், நடுக்காலத்தைச் சேர்ந்த அவருடைய சிறிய மரச் சுரூபத்தை வெளியே வைப்பார்கள். மக்கள் ஒரு ரிப்பனை அதன் நீளத்துக்கும் சுற்றளவுக்கும் வைத்து அளந்து, நோய்நொடிக்குக் காப்பாக வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். இந்த வருஷம் நாங்களும் வரிசையில் நின்றோம். மாமியார் நீல ரிப்பன் கொண்டுவந்திருந்தார். அளந்து முடித்து, காரில் ஏறியதும் என் பையில் இருந்த அச்சுத் தாளை வாங்கி, சுருட்டி, அதைச் சுற்றி அந்த ரிப்பனைக் கட்டி மடியில் வைத்துக்கொண்டார்.