பதின்மூன்று நாட்களும் 23 வரைவுகளும்

2025 செப்டம்பர் 4

நாளை வேலையைத் தொடங்குகிறேன். 1978 செப்டம்பரில் அமெரிக்காவின் மத்தியஸ்தத்தில் எகிப்தும் இஸ்ரேலும் கேம்ப் டேவிட்டில் செய்துகொண்ட இரண்டு ஒப்பந்த ஆவணங்களையும், அவற்றோடு சேர்ந்த கடிதங்களையும் தமிழாக்கித் தருவதாக ஒரு சிற்றிதழ் நண்பரிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். அங்கே பேச்சு நடந்தது செப்டம்பர் 5 முதல் 17 வரை. அதே தேதிகளில், அன்றன்று நடந்ததைப் படித்தபடியே மொழிபெயர்த்துப் போகலாம் என்று எண்ணம். மனதில் படுவதை இங்கே எழுதிவைக்கிறேன்.

காசாவில் போர் தொடங்கி இரண்டு வருடம் ஆகப்போகிறது. செய்தியைத் திறந்தால் 'மத்தியஸ்தர்கள்' என்ற சொல் தினமும் வருகிறது. மத்தியஸ்தம் செய்கிறவர் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து என்னதான் செய்கிறார்? அது எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

செப்டம்பர் 5

கேம்ப் டேவிட் அமெரிக்க அதிபர்களின் மலை ஓய்விடம். மேரிலாந்தில், காட்டுக்குள். ஒவ்வொரு குடிலுக்கும் ஒரு மரத்தின் பெயர். அமெரிக்க அதிபர் கார்ட்டர் ஆஸ்பெனில், எகிப்தின் அதிபர் சதாத் டாக்வுட்டில், இஸ்ரேலின் பிரதமர் பெகின் பிர்ச்சில். நடந்துபோகிற தூரம்தான். பத்திரிகைக்காரர்களை உள்ளே விடவில்லை.

இதற்கு முன், அரபு நாடுகளுக்கும் இஸ்ரேலுக்கும் சமாதானம் பேச 1973 டிசம்பரில் ஜெனீவாவில் ஒரு மாநாடு கூடியது. அமெரிக்காவும் சோவியத் யூனியனும் கூட்டுத் தலைமை. சிரியா வரவில்லை. அதற்கென்று போட்ட மேசை காலியாகவே கிடந்தது. யார் பக்கத்தில் யார் உட்காருவது என்பதிலேயே பெரிய இழுபறி. மாநாடு சீக்கிரமே ஒத்திவைக்கப்பட்டது, பிறகு முழுதாகக் கூடவே இல்லை. அப்புறம் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கிஸ்ஸிங்கர் விமானத்தில் தலைநகரம் தலைநகரமாகப் பறந்து படைவிலகல் உடன்பாடுகளைச் செய்துவைத்தார். சோவியத் யூனியன் மெல்ல மெல்ல வெளியே தள்ளப்பட்டது. 1977 அக்டோபரில் இரண்டு வல்லரசுகளும் சேர்ந்து ஜெனீவாவை உயிர்ப்பிக்கப் பார்த்தன. அடுத்த மாதமே சதாத் நேராக எருசலேமுக்குப் போய் இஸ்ரேல் நாடாளுமன்றத்தில் பேசிவிட்டார்.

ஊர் கூட்டிப் பேசியது நடக்கவில்லை. மூன்று பேரை மலையில் வைத்துப் பேசிப் பார்ப்போம் என்று கார்ட்டர் இறங்கினார்.

செப்டம்பர் 6

முதல் முக்கூட்டுப் பேச்சு நடந்த நாள். சதாத் தான் எழுதிக்கொண்டு வந்த நீளமான திட்டத்தை வாசித்தார். எல்லாக் கோரிக்கைகளும் உச்சத்தில். வாசித்து முடித்ததும் அறையில் இறுக்கம். கார்ட்டர் பெகினைப் பார்த்து, இதில் அப்படியே கையெழுத்துப் போட்டுவிட்டால் நம் எல்லாருக்கும் நேரம் மிச்சம் என்கிற மாதிரி ஏதோ சொல்ல, மூவரும் சிரித்துவிட்டார்களாம். ஆனால் தான் எதெதில் இறங்கிவரத் தயார் என்ற குறிப்பைச் சதாத் முன்னாலேயே கார்ட்டரிடம் தனியாகக் கொடுத்திருந்தார். ஒரு தரப்பின் கடைசிச் சீட்டு மத்தியஸ்தரின் சட்டைப்பையில். அது தெரியாமல் எதிரில் பெகின். அன்று இரவு கார்ட்டருக்கு எப்படித் தூக்கம் வந்திருக்கும்?

நான் இன்று ஒரே ஒரு வாக்கியத்தில் மாட்டிக்கொண்டேன். ஒப்பந்தத்தின் இணைப்பில் ஐ.நா. பாதுகாப்பு அவையின் 242ஆம் தீர்மானம் இருக்கிறது. 1967 நவம்பர் 22, பிரிட்டனின் தூதர் லார்ட் கேரடன் முன்வைத்தது, ஒருமனதாக நிறைவேறியது. 'அண்மைய போரில் கைப்பற்றிய பகுதிகளிலிருந்து இஸ்ரேல் படைகள் விலகுவது' என்று அதில் வரும். ஆங்கிலத்தில் 'டெரிட்டரீஸ்' என்று மட்டும் நிற்கிறது, முன்னால் 'தி' இல்லை. ஆகவே எல்லாப் பகுதிகளும் என்று பொருள் இல்லை என்பது இஸ்ரேலின் வாதம். பிரெஞ்சுப் பிரதியில் அந்தச் சுட்டு இருக்கிறது. ஆகவே எல்லாப் பகுதிகளும்தான் என்பது அரபு நாடுகளின் வாதம். அரை நூற்றாண்டு தாண்டியும் தீராத வழக்கு.

தமிழில் அந்த 'தி'யே கிடையாது. 'பகுதிகளிலிருந்து' என்றால் இரண்டுக்கும் இடம் உண்டு. 'அப்பகுதிகளிலிருந்து' என்று ஒரு அகரத்தைச் சேர்த்தால் அரபுத் தரப்புக்குச் சாய்ந்துவிடுவேன். 'சில பகுதிகள்' என்றால் இந்தப் பக்கம். காலையிலிருந்து அந்த ஒரு எழுத்தைப் போட்டுப் போட்டு அடித்தேன். கடைசியில் சுட்டில்லாமலே விட்டேன். 'விலகுவது' என்ற சொல்லும் யோசித்துப் போட்டதுதான். 'பின்வாங்குவது' என்றால் தமிழில் தோல்வியின் வாடை அடிக்கிறது. மூலத்தில் அது இல்லை.

செப்டம்பர் 7

மூவரும் மறுபடி உட்கார்ந்தார்கள். சண்டை முற்றிவிட்டது. சதாத் மேசையில் குத்தினார். எழுந்து வெளியேறப் போன இருவரையும் கார்ட்டர் கதவருகே போய் நின்று மறித்துப் பேசினாராம்.

அதற்குப் பிறகு இருவரையும் அவர் பேச்சு மேசைக்கு ஒன்றாக அழைக்கவே இல்லை. மீதிப் பத்து நாளும் தாளை எடுத்துக்கொண்டு இந்தக் குடிலுக்கும் அந்தக் குடிலுக்குமாக அவரும் அவர் ஆட்களும் நடந்தார்கள். முகம் பார்த்தால் மனம் இளகும் என்று நம்பி அழைத்துவந்தவர், மூன்றே நாளில் அந்த நம்பிக்கையைக் கைவிட்டு வேறு வழி தேடியிருக்கிறார். எனக்கு இதுதான் பெரிய விஷயமாகத் தோன்றுகிறது.

செப்டம்பர் 9

இன்று மொழிபெயர்ப்பு ஓடவில்லை. மாலையில் செய்தி: கத்தாரின் தோஹாவில் ஹமாஸ் தலைவர்கள் இருந்த கட்டடத்தை இஸ்ரேல் விமானங்கள் தாக்கியிருக்கின்றன. போர்நிறுத்தத்துக்காக அமெரிக்கா வைத்த யோசனையைப் பற்றிப் பேச அவர்கள் கூடியிருந்த நேரம். எகிப்து, அமெரிக்காவோடு சேர்ந்து நடுவில் நிற்கிற நாடு கத்தார். அதன் தலைநகரத்திலேயே குண்டு விழுந்திருக்கிறது.

பேச வந்தவருக்கு ஆபத்து வரக் கூடாது என்பது நம் புராணங்களிலிருந்தே வருகிற நியதி. அனுமனின் வாலில் தீ வைத்ததற்கு முன்னால், தூதனைக் கொல்லாதே என்று அண்ணனைத் தடுத்தவன் வீடணன்.

தாளை மூடி வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 10

இறந்தவர்களில் கத்தாரின் பாதுகாப்புப் படை வீரர் ஒருவரும் உண்டு.

1978இல் இந்த நாள் ஞாயிறு. கார்ட்டர் இருவரையும் பக்கத்தில் உள்ள, அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த கெட்டிஸ்பர்க் போர்க்களத்துக்கு அழைத்துப் போனார். அரசியல் பேசுவதில்லை என்று நிபந்தனை. லிங்கன் உரையாற்றிய இடத்துக்கு வந்ததும் பெகின் அந்த உரையை மனப்பாடமாகச் சொன்னார். போலந்தில் வளர்ந்து, பெற்றோரை நாஜிகளிடம் பறிகொடுத்து வந்த மனிதர்.

திரும்பி வந்ததும் அமெரிக்கர்கள் தங்கள் முதல் வரைவை இஸ்ரேல் தரப்பிடம் கொடுத்தார்கள். அதில் பெரும்பங்கு எழுதியவர் வெளியுறவுத் துறையின் ஹெரால்ட் சாண்டர்ஸ். மறுநாள் சதாத்திடம். இங்கிருந்துதான் எனக்கு விடை கிடைக்கத் தொடங்குகிறது. ஆளுக்கு ஒரு திட்டம் வைத்து அடித்துக்கொள்வது நின்றது. மேசையில் ஒரே ஒரு தாள்; அது அமெரிக்கர் எழுதியது. எகிப்தும் இஸ்ரேலும் அதில் திருத்தம் சொல்லலாம், அவ்வளவுதான். ஏற்கவோ மறுக்கவோ யாரும் அவசரப்பட வேண்டியதில்லை. திருத்திய தாள் திரும்ப வரும். கடைசி வரைக்கும் 23 வரைவுகள்.

பேனா யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் பேச்சும் இருக்கிறது. அமெரிக்கா கொண்டுவந்த பணத்தையும் ஆயுதத்தையும் நான் மறக்கவில்லை. ஆனாலும் எழுதி எழுதி அடித்த அந்த உழைப்பு இல்லாமல் பணம் மட்டும் இதைச் செய்திருக்காது.

செப்டம்பர் 11

ஒரு சொல் சிக்கல். ஆங்கிலத்தில் 'செட்டில்மெண்ட்' என்றால் தீர்வு. செட்டில்மெண்ட் என்றால் குடியேற்றமும்தான். தமிழில் நல்லவேளையாக இரண்டும் தனித்தனி. மூலத்தில் அந்தச் சொல் வருகிற இடங்களையெல்லாம் பென்சிலால் வட்டமிட்டேன். பெரும்பாலும் தீர்வு. குடியேற்றம் என்ற பொருளில், 1967 போரில் இஸ்ரேல் கைப்பற்றிய பாலஸ்தீனப் பகுதியான மேற்குக் கரையைப் பற்றி ஒப்பந்தத்தில் ஒரு இடத்திலும் காணோம். இது 16ஆம் தேதி விவகாரம், அங்கே வருகிறேன்.

செப்டம்பர் 12

ஐ.நா. பொதுச்சபையில், இஸ்ரேல், பாலஸ்தீனம் என இரு நாடுகள் தீர்வுக்கான நியூயார்க் பிரகடனம் நிறைவேறியிருக்கிறது. ஆதரவு 142, எதிர்ப்பு 10, நடுநிலை 12. இந்தியா ஆதரவாக வாக்களித்தது. எதிர்த்தவற்றில் அமெரிக்காவும் இஸ்ரேலும்.

செப்டம்பர் 13

கார்ட்டர் இந்த நாட்களில் தலைவர்களை விட்டுவிட்டு இரண்டு சட்ட வல்லுநர்களோடு உட்கார்ந்தார். இஸ்ரேல் பக்கம் அஹரோன் பராக், எகிப்து பக்கம் ஒசாமா எல்-பாஸ். ஒரு நாட்டின் அதிபர் வரி வரியாக இரண்டு வக்கீல்களோடு மல்லாடுவதைக் கேள்விப்பட்டிருக்கிறோமா? 1967 போரில் எகிப்திடமிருந்து இஸ்ரேல் கைப்பற்றிய சினாய் தீபகற்பம் பற்றிய ஒப்பந்தத்தின் முதல் வடிவத்தை அவரே தன் கையால் எழுதினார்.

இன்று எனக்குத் 'தன்னாட்சி' என்ற சொல்லோடு மல்லாட்டம். மேற்குக் கரை, காசா மக்களுக்கு முழுத் தன்னாட்சி, ஐந்தாண்டு இடைக்காலம், மூன்றாம் ஆண்டுக்குள் இறுதி நிலை பற்றிய பேச்சு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பெகின் மனதில் தன்னாட்சி மக்களுக்கு, மண்ணுக்கு அல்ல. மூலத்தில் 'தன்னாட்சி அதிகார அமைப்பு' என்று எழுதிவிட்டு உடனே அடைப்புக்குறிக்குள் 'நிர்வாகக் குழு' என்று சேர்த்திருக்கிறார்கள். ஆட்சி என்று கொடுத்ததை நிர்வாகம் என்று குறைத்துவிடுகிறது அந்த அடைப்புக்குறி. அதை அப்படியே வைத்திருக்கிறேன். வாசகர் கண்ணில் அது உறுத்த வேண்டும்.

செப்டம்பர் 15

வெள்ளிக்கிழமை. அமெரிக்க வெளியுறவு அமைச்சர் வான்ஸ் முகம் வெளுத்து ஓடிவந்து, சதாத் கிளம்புகிறார், பெட்டி கட்டிவிட்டார், ஹெலிகாப்டர் கேட்கிறார் என்றார். கார்ட்டர் ஜன்னலோரம் நின்று மலையைப் பார்த்து ஜெபித்தார். ஓய்விடத்துச் சாதாரண உடையை மாற்றிக்கொண்டு சதாத்தின் குடிலுக்கு நடந்தார். இந்தச் சிறு விஷயம் என்னை விடவே இல்லை. தகராறைத் தீர்க்கப் போகிறவர் சட்டையை மாற்றிக்கொண்டு போகிறார்.

உள்ளே அவர் சொன்னது கடுமை. நீங்கள் போனால் எகிப்துக்கும் அமெரிக்காவுக்குமான உறவு முறியும், எனக்குக் கொடுத்த வாக்கு முறியும், நம் நட்பும் முறியும். சதாத் நின்றுவிட்டார். பெட்டிகள் பிரிக்கப்பட்டன.

சதாத்தின் வெளியுறவு அமைச்சர் முகமது இப்ராகிம் கமெல் நிற்கவில்லை. பாலஸ்தீனத்தைக் கைவிட்டு எகிப்து தனியாகச் சமாதானம் செய்துகொள்கிறது என்பது அவர் மனக்குமுறல். கேம்ப் டேவிட்டிலேயே பதவியை விட்டார். கையெழுத்து விழாவுக்குப் போகவில்லை. அவருக்கு முன்னிருந்த இஸ்மாயில் ஃபஹ்மி, சதாத் எருசலேம் போவதை எதிர்த்து விலகியவர். பத்தே மாதத்தில் இரண்டு அமைச்சர்கள். அவர்கள் பயந்தது எவ்வளவு தூரம் பலித்தது என்பதை நாம் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

செப்டம்பர் 16

சினாய்க் குடியேற்றங்களை அகற்றப் பெகின் ஒப்பவே இல்லை. அவற்றை அகற்றாவிட்டால் எகிப்து கையெழுத்திடாது. இஸ்ரேல் குழுவில் இருந்த ஒரு தளபதி ஏரியல் ஷரோனுக்குப் போன் போட்டார். குடியேற்றங்களைக் கட்டியெழுப்பிய ஷரோனே பெகினைக் கூப்பிட்டு, அகற்றலாம், ராணுவ ரீதியில் எனக்கு மறுப்பில்லை என்றார். பெகின் நாடாளுமன்றம் முடிவு செய்யட்டும் என்று இறங்கிவந்தார். 1982இல் பாதுகாப்பு அமைச்சராக இருந்து அவற்றை அகற்றியதும் ஷரோன்தான்.

அன்று இரவு மேற்குக் கரைக் குடியேற்றங்கள் பற்றிப் பேச்சு. தன்னாட்சிப் பேச்சு முடியும்வரை புதிதாகக் கட்டுவதில்லை என்று பெகின் ஒப்புக்கொண்டார் என எண்ணிக்கொண்டு கார்ட்டர் தூங்கப் போனார். பிறகு வந்த கடிதம் மூன்று மாதம் என்றது. எகிப்து-இஸ்ரேல் உடன்படிக்கைக்கு வைத்த கெடுவே அந்த மூன்று மாதம்தான். 23 வரைவு எழுதியவர்கள் இந்த ஒரு வரியை அந்த இடத்திலேயே எழுதி வாங்கவில்லை. களைப்பா, விடிந்தால் கையெழுத்து என்ற ஆசையா? வாய்ச்சொல்லாக விட்ட அந்த ஒன்றின் மேல்தான் இன்றைக்கு மேற்குக் கரை முழுக்க வீடுகள் எழும்பி நிற்கின்றன. இதைப் படித்தபோது எனக்குக் கோபத்தைவிடத் துக்கம்தான் வந்தது.

செப்டம்பர் 17

கடைசி நாள் காலை எல்லாம் உடைந்து போகப் பார்த்தது. கிழக்கு எருசலேம் பற்றிய அமெரிக்க நிலைப்பாட்டைச் சொல்லும் கடிதத்தைப் பார்த்துப் பெகின் கையெழுத்திட மாட்டேன் என்றுவிட்டார்.

பெகின் தன் பேரக்குழந்தைகளுக்காக மூன்று தலைவர்களும் இருக்கும் புகைப்படம் கேட்டிருந்தார். கார்ட்டரின் செயலாளர் குழந்தைகளின் பெயர்களைக் கேட்டு வாங்கி வைத்திருந்தார். கார்ட்டர் ஒவ்வொரு படத்திலும் ஒரு பெயர் எழுதி, அன்புடன் என்று கையெழுத்திட்டு, அவரே எடுத்துக்கொண்டு போனார். பெகின் முதலில் விறைப்பாகத்தான் வாங்கினார். மேலே இருந்த படத்தில் தன் பேத்தியின் பெயரைப் பார்த்தார். ஒவ்வொன்றாகப் பெயரை வாய்விட்டு வாசித்தார். உதடு துடித்தது, கண் நிறைந்தது. இருவரும் பேரக்குழந்தைகளைப் பற்றியும் போரைப் பற்றியும் சற்றுநேரம் பேசினார்கள்.

பெயர்களால் மட்டும் பெகின் மனம் மாறியது என்று சொல்ல மாட்டேன். கடிதமும் மாறியது. அமெரிக்கா தன் நிலைப்பாட்டை விளக்கமாக எழுதாமல், ஐ.நா.வில் தன் தூதர்கள், 1967 ஜூலை 14 அன்று கோல்ட்பெர்க்கும் 1969 ஜூலை 1 அன்று யோஸ்டும், சொன்னதே இன்றும் எங்கள் நிலை என்று மட்டும் எழுதியது. போய்த் தேடிப் படித்தால் கடுமையான வாக்கியங்கள் அங்கே இருக்கும். இந்தத் தாளில் இருக்காது. அன்று இரவு வெள்ளை மாளிகையில் கையெழுத்து.

செப்டம்பர் 19

இரண்டாம் ஆவணம், சினாய், முழுதாகத் தமிழில் முடிந்தது. அதில் எல்லாம் துல்லியம்: தேதி, கோடு, படைப்பிரிவு, விமானதளம். அது நடந்தது. 1979 மார்ச் 26 உடன்படிக்கை, 1982 ஏப்ரல் 25 கடைசி விலகல். 1973க்குப் பிறகு எகிப்தும் இஸ்ரேலும் போரில் மோதவில்லை. அதனால் பிழைத்தவர்கள் எத்தனை ஆயிரம் என்று எண்ண முடியாது. அதைச் செய்த சதாத்தை 1981 அக்டோபர் 6 அன்று சுட்டுக் கொன்றார்கள்.

முதல் ஆவணம், பாலஸ்தீனர் பற்றியது. அதில் எல்லாமே பேசி முடிவெடுக்கப்படும், ஒப்புக்கொள்ளப்படும், தீர்மானிக்கப்படும். செயப்பாட்டு வினைகளை எண்ணிக்கொண்டே வந்தேன். அந்த மலையில் எத்தனையோ குடில்கள். ஒன்றிலும் ஒரு பாலஸ்தீனர் இல்லை.

செப்டம்பர் 22

நேற்று பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா. இன்று பிரான்ஸ். பாலஸ்தீனத்தை ஒரு நாடாக அங்கீகரித்துவிட்டன.

கடைசியாக மீதி இருந்தது ஒரு குட்டிக் கடிதம். கார்ட்டர் பெகினுக்கு எழுதியது. தேதி 1978 செப்டம்பர் 22. ஆவணத்தில் 'பாலஸ்தீனர்கள்', 'பாலஸ்தீன மக்கள்' என்று வரும் இடமெல்லாம் அதை 'பாலஸ்தீன அரபிகள்' என்றே புரிந்துகொள்வதாக நீங்கள் என்னிடம் தெரிவித்ததை ஏற்றுப் பதிவு செய்கிறேன். 'மேற்குக் கரை' என்று வரும் இடமெல்லாம் அதை 'யூதேயா, சமாரியா' என்றே உங்கள் அரசு புரிந்துகொள்ளும் என்பதையும். அந்த மண்ணின் விவிலியப் பெயர்கள் அவை. இரண்டே வரி.

மொழிபெயர்ப்பில் 'பாலஸ்தீன மக்கள்' வந்த இடங்களை மறுபடி ஒருமுறை பார்த்தேன். ஒன்றையும் மாற்றவில்லை. கடிதத்தைத் தனித் தாளில் தட்டச்சு செய்து, கடைசிப் பக்கமாக வைத்து, இரவு பத்தரைக்கு நண்பருக்கு அனுப்பினேன்.