கண்ணாடிப் பொருளுக்கு வெளிச்சம் பின்னாலிருந்து

கண்ணாடி டம்ளர், பாட்டில் படம் எடுக்கும்போது முன்னாலிருந்து ஃபிளாஷ் அடிக்காதீங்க. வெள்ளைப் புள்ளிதான் விழும், உருவம் வராது.

அட்டைப்பெட்டியில் அடியையும் மேல்பக்கத்தையும் வெட்டி எடுத்துட்டு, ஒரு திறப்பில் டிரேசிங் பேப்பரை இழுத்து ஒட்டுங்க. அதுக்குப் பின்னால் 30 செ.மீ. தள்ளி 9 வாட் எல்இடி பல்பு. கிட்ட வெச்சா நடுவில் மட்டும் வட்டமா வெளுக்கும். பொருளைப் பேப்பருக்கு முன்னால் அதே அளவு தள்ளி வையுங்க. அறை விளக்கை அணைச்சிடுங்க.

இப்போ விளிம்பு பின்னணியோடு கரைஞ்சு போயிருக்கும். இரண்டு பக்கமும், ஃபிரேமுக்குச் சற்று வெளியே, கறுப்பு சார்ட் அட்டையை நிறுத்துங்க. கண்ணாடியின் ஓரம் அந்தக் கறுப்பை வாங்கி, பென்சிலால் இழுத்த மாதிரி கோடு தெரியும். அட்டையைக் கிட்டக் கொண்டுவந்தா கோடு தடிக்கும். கொஞ்சம் கொஞ்சமா நகர்த்திப் பாருங்க, அவசரப்படாதீங்க. முழுப் படமும் இந்தக் கோட்டில்தான் நிக்குது.

வெள்ளைப் பின்னணியைப் பார்த்து கேமரா படத்தைச் சாம்பலாக்கும். எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) +1 ஏத்துங்க. டிரைபாட், ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, லென்ஸ் துவார அளவு எஃப்/8, 2 விநாடி டைமர். போன்னா டிரைபாடும் டைமரும் போதும்.

கைரேகை ஒண்ணுவிடாமல் தெரியும். மைக்ரோஃபைபர் துணியால் துடைச்சு, அதே துணியால் பிடிச்சு வையுங்க.