ஃப்ளூ ஊசி ஆய்வில் சேருமுன் கிழமையைப் பாருங்கள்

ஃப்ளூ தடுப்பூசி போட்டதும் பெரியவர்கள் உடம்பில் எதிர்ப்புச் சக்தி எப்படி ஏறுகிறது என்று பார்க்கும் ஆய்வு ஒன்றில் சேர்ந்திருந்தேன், போன மாதம் முடிந்தது. தண்டையார்பேட்டையில் வீடு, எம்.சி. ரோட்டில் துணிக்கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். சேரலாமா என்று யோசிப்பவர்களுக்குச் சொல்ல சில விஷயம் இருக்கிறது.

ஊசி பெரிய விஷயமே இல்லை. மேல்கையில் அரை மில்லி, கொஞ்சம் வலி, அவ்வளவுதான். செயலிழக்கச் செய்த வைரஸ்தான் உள்ளே போகிறது, அதனால் ஊசியால் ஃப்ளூ வந்துவிடாது. வேலையெல்லாம் ரத்தம் கொடுப்பதில்தான். ஊசிக்கு முன்னால், அப்புறம் 7ஆம் நாள், 28ஆம் நாள். "ஏற்கெனவே ஒடம்புல ரத்தம் இல்ல, இதுல தானம் வேறயா" என்று அம்மா ஒரு பாட்டம் பாடி முடித்தார்.

8ஆம் நாள் வரலாமா என்று கேட்டுப் பார்த்தேன், நர்ஸ் அக்கா மசியவில்லை. எதிர்ப்பொருள் (கிருமியை மடக்கும் புரதம்) சுரக்கும் செல்கள் ரத்தத்தில் அதிகமாகத் திரிவது ஊசி போட்டு ஒரு வாரத்தை ஒட்டித்தானாம், சில நாளில் குறைந்துவிடுமாம். பச்சை மூடிக் குழாயில் எடுக்கும் ரத்தத்தில் அந்தச் செல்களை உயிரோடு பிரிக்க வேண்டும், அதனால் காலையிலேயே கூப்பிடுகிறார்கள். 7, 28 இரண்டுமே ஊசி போட்ட அதே கிழமையில்தான் விழும். எனவே உங்கள் வார விடுமுறை எதுவோ அன்றைக்கே ஊசியைக் கேட்டு வாங்குங்கள். எங்களை மாதிரி கடை ஆட்கள் தீபாவளிக்கு முந்தைய மாதம் இந்தப் பக்கமே போகாதீர்கள், முதலாளி விடமாட்டார்.

28ஆம் நாள் ரத்தத்தில் எதிர்ப்பொருள் அளவைப் பார்ப்பார்கள். வைரஸ் சேர்ந்தால் கோழி போன்ற பிராணிகளின் சிவப்பணுக்கள் ஒட்டிக்கொள்ளும், நம் சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) அதைத் தடுக்கிறதா என்பதுதான் சோதனை. விருந்தாளி வர வர ரசத்தில் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி சீரத்தை 10 மடங்கு, 20, 40, 80 என்று நீர்க்கச் செய்துகொண்டே போகிறார்கள். 40 மடங்கிலும் தடுத்தால் ஓரளவு பாதுகாப்பு என்று கணக்கு. ஊசிக்கு முன்பிருந்ததைவிட நாலு மடங்கு ஏறினால்தான் 'பலன் கிடைத்தது' என்று எழுதுவார்களாம். ஊசியில் இருக்கும் ஃப்ளூ வைரஸ் ரகங்களில் எனக்கு ஒன்றுக்கு நன்றாக ஏறியது, இன்னொன்றுக்கு அசையவே இல்லை. அந்த ரகத்துக்கு ஊசிக்கு முன்பே அளவு அதிகம், ஏற்கெனவே அதிகமாக இருப்பவர்களுக்கு மேலே ஏறுவது குறைவு என்றார் டாக்டர்.

இந்த முடிவையும் நச்சரித்துத்தான் வாங்கினேன், கடுப்பாக இருந்தது. நம் ரத்தம், நம் எண், சொல்வதற்கு என்ன? முடிவைத் தருவார்களா என்று ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுவிடுங்கள், படிவத்தின் நகலையும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.