நெளிவு தரையிலா, கப்பலிலா?

கடலடித் தரையை அளக்கும் சர்வே கப்பலுக்குப் புதிதாக வருகிறவர்கள், ஒலிக்கற்றைகளை (பீம்) விசிறிபோல கீழே அனுப்பி ஆழம் பார்க்கும் மல்டிபீம் எக்கோ சவுண்டரைத்தான் ஆசையோடு பார்ப்பார்கள். நான் அவர்களை முதலில் கூட்டிப்போவது கப்பலின் நடுப்பகுதிக்கு. அங்கே ஒரு தடித்த தகட்டின்மேல் போல்ட் போட்டு முடுக்கியிருக்கும் சின்ன உருளைதான் மோஷன் சென்சார். பக்கவாட்டில் சாய்ந்தால் ரோல், முன்பின்னாகச் சாய்ந்தால் பிட்ச், ஏறி இறங்கினால் ஹீவ். மூன்றையும் அதுதான் சொல்ல வேண்டும். ரோலில் 0.1 டிகிரி பிசகினாலே, 100 மீட்டர் ஆழத்தில், செங்குத்திலிருந்து 60 டிகிரி சரிவாகப் போகும் பீமில் ஆழம் 30 சென்டிமீட்டர் தவறிவிடும்.

அதைவிடப் பெரிய தலைவலி ஹீவ். உயரத்தை நேரடியாக அளக்க அந்த உருளைக்குள் எதுவும் கிடையாது. முடுக்கத்தை அளந்து, இரண்டு முறை தொகையிட்டுத்தான் உயரம் வருகிறது. புவியீர்ப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குப் பிழை இருந்தால்கூட, ஒரே நிமிடத்தில் கணக்கு 17 மீட்டருக்குமேல் விலகிவிடும். அதனால் மெதுவான அசைவையெல்லாம் கணக்கிலுள்ள ஃபில்டர், அதாவது வடிகட்டி, வெட்டிவிடுகிறது. சில நேரம் நிஜ அலையையும் சேர்த்தே வெட்டுகிறது.

கன்னியாகுமரிக் கடலில் இதை நன்றாகப் பார்க்கலாம். தெற்கே வெகுதொலைவில் வீசும் புயல்கள் கிளப்பிய ஸ்வெல், அதாவது நீண்ட அலை, இங்கே வந்து சேரும். அது கரையேறும்போதுதான் மீனவர்கள் கள்ளக்கடல் என்கிறார்கள். காற்றே இருக்காது. கப்பல் ஒருமுறை ஏறி இறங்க 15 வினாடிக்குமேல் எடுக்கும். நாற்காலியில் இருப்பவருக்கு உறைக்காது. குறுகிய அலைக்கு அமைத்த ஃபில்டர் அதைத் தவறவிட்டால், சமமான மணல் தரை திரையில் தகரக் கூரைபோல வரிவரியாக விழும்.

"அண்ணே, மணல் மேடு எவ்வளவு அழகா வந்திருக்கு பாருங்க!"

"குறுக்கே ஒரு லைன் ஓட்டிப் பாரு தம்பி."

லைன் என்றால் கப்பல் அளந்தபடியே நேராகப் போகும் ஓட்டம். நிஜ மேடு இருந்த திசையிலேயே இருக்கும். பொய் வரி கப்பலோடு சேர்ந்து திரும்பும், எப்போதும் கப்பல் போகும் திசைக்குக் குறுக்காகவே நிற்கும். இந்தச் சோதனையை நான் எந்த மென்பொருளைவிடவும் நம்புகிறேன்.

கப்பல் திரும்பும்போதும் ஃபில்டர் குழம்பும். தெளியச் சில நிமிடம் ஆகும். வாடகை ஏறுகிறதே என்று திரும்பியதும் லைனைத் தொடங்கச் சொல்பவர்கள் உண்டு. நான் சம்மதிப்பதில்லை. அந்த ஆழத்தை நம்பித்தான் நாளை ஒரு கப்பல் துறைமுகத்துக்குள் நுழையும்.

இப்போது சில கருவிகள் அந்த நொடிக்குப் பிறகு வரும் அலையையும் சேர்த்துக் கணக்கிட்டு, கொஞ்சம் தாமதமாக, சரியான ஹீவைத் தருகின்றன. அவற்றில் லைன் முடிந்த கையோடு பதிவை நிறுத்திவிடக் கூடாது. சில நிமிடம் ஓடவிட வேண்டும். இல்லாவிட்டால் லைனின் கடைசிப் பகுதிக்கு அந்த ஹீவ் கிடைக்காது.