பாலத்துக்கு எமன் மேலே இல்லை, அடியில்

எண்ணூர் முகத்துவாரத்தில் தண்ணி வடியும் நேரம் பாலத்தூணைக் கவனியுங்க. முன்பக்கம் மோதும் நீர் கீழ்நோக்கித் திரும்பி, தூணின் காலடி மணலைத் தோண்டி எடுத்துட்டுப் போகும். பழைய கல்பாலங்களை அதிகம் சாய்த்தது இந்த அரிப்புதான். பாரம் இல்லை.

லண்டன் தேம்ஸ் மேல் 1176-ல் தொடங்கி 1209-ல் முடித்த கல்பாலத்துக்கு 19 வளைவுகள். மரச்சாரம் கட்டி, இரு பக்கமும் ஆப்பு வடிவக் கற்களை அடுக்கி, உச்சிக்கல்லை இறக்கியதும் ஒன்றையொன்று நெருக்கி நிற்கும். அது அருமையான வேலை!

சிக்கல் தூணில். அரிப்பைத் தடுக்க ஒவ்வொரு தூணைச் சுற்றியும் மரக்கழிகளை அடித்து, உள்ளே கல்லைக் கொட்டித் திட்டு போட்டாங்க. திட்டு பெருக்கப் பெருக்க ஆற்றுக்கு வழி குறுகியது. கடல் ஓதம் வடியும்போது பாலத்துக்கு ஆறு வரும் பக்கத்துக்கும் போகும் பக்கத்துக்கும் நீர்மட்டம் 5, 6 அடி வரை வித்தியாசம், படகுகள் கவிழ்ந்தன. வேகம் கூடினால் அரிப்பும் கூடும், மறுபடி கல் கொட்டணும்.

18-ஆம் நூற்றாண்டில் நடுத்தூணை எடுத்து இரண்டு வளைவை ஒன்றாக்கினாங்க. வெள்ளத்தில் பெரும்பகுதி அந்த வழியே பாய்ந்து, பக்கத்துத் தூண்களின் அடியைப் பறித்தது. 1831-ல் புதுப் பாலம் திறந்ததும் பழையதை இடித்தார்கள்.

எண்ணூரில் கடலில் சேரும் கொசஸ்தலை ஆற்றில் பாலம் போடுறவங்க முதலில் அளக்க வேண்டியது தூண்களுக்கு நடுவே ஆற்றுக்கு மிஞ்சும் அகலத்தை.