ஜனவரியில் பிரைட்டன் கடற்கரை

பிரைட்டனுக்குப் போகிறேன் என்றதும் "கோடையில் போயிருக்கலாமே" என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். இங்கிலாந்தின் தென்கரையில், வெயில் அடித்தால் லண்டன்காரர்கள் ரயிலேறி வந்து குவிகிற ஊர் அது. எனக்கு ஜனவரியில்தான் லீவு கிடைத்தது. இப்போது யாராவது கேட்டால் ஜனவரியிலேயே போங்கள் என்றுதான் சொல்வேன்.

என் கல்லூரித் தோழி பக்கத்திலேயே ஹோவ் என்ற இடத்தில் இருக்கிறாள். வீட்டிலிருந்து கடல் நடக்கிற தூரம்தான். "மஃப்ளரை மூக்கு வரைக்கும் சுத்திக்கோடி" என்று அவளே சுற்றிவிட்டாள். தென்மேற்கிலிருந்து காற்று முகத்தில் அறைந்தது. கரையோரம் வரிசையாக நிற்கும் வண்ண மரக்குடில்கள் எல்லாவற்றிலும் பூட்டு. கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறம்.

கரையில் மணலே தெரியவில்லை, அத்தனையும் கூழாங்கல். இந்தப் பகுதியின் சுண்ணாம்புப் பாறைகளைக் கடல் அரிக்க அரிக்க, உள்ளே இருக்கும் கடினமான சக்கிமுக்கிக் கற்கள் மட்டும் மிஞ்சி, உருண்டு உருண்டு வழவழப்பாகிவிடுகின்றன. அலை பின்வாங்கும்போது கற்களையும் இழுத்துக்கொண்டு போகும். அந்தச் சத்தம் முறத்தில் கொள்ளுப் பயறைப் போட்டுக் கொழிக்கிற மாதிரி. ஆங்காங்கே கடலுக்குள் நீட்டிக் கட்டிய தடுப்புச்சுவர்கள் உண்டு. ஒன்றின் மேல் ஏறிப் பார்த்தேன். மேற்குப் பக்கம் கற்கள் சுவரின் விளிம்பு வரை ஏறிக் கிடந்தன, கிழக்குப் பக்கம் பள்ளம். அலைகள் கற்களைக் கிழக்கு நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. இந்தச் சுவர்கள் இல்லாவிட்டால் கரையே நகர்ந்து போய்விடும்.

அந்தக் குளிரிலும் குளிக்கிறார்கள்! கம்பளித் தொப்பியோடு, பாட்டி வயதுப் பெண்கள், பேசிக்கொண்டே தண்ணீரில் இறங்கினார்கள். 1860இலேயே நீச்சல் சங்கம் தொடங்கிய ஊராயிற்றே. ஒரு பெண்மணி வெளியே வந்து கோட்டைப் போட்டுக்கொண்டார், ஆனால் விரல்கள் நடுங்கி ஜிப்பைப் பிடிக்க முடியவில்லை. தோழி போய் இழுத்துவிட்டாள். முன்பின் தெரியாதவர்தானாம், இங்கே இது சகஜமாம்.

அப்புறம் மேற்குக் கடல்பாலம் (வெஸ்ட் பியர்), கரையிலிருந்து கடலுக்குள் நீண்டிருந்த உலாப் பாலம். 1866இல் திறந்தது, 1975இல் மூடினார்கள், 2003இல் இரண்டு முறை தீப்பிடித்தது. இப்போது கரையோடு தொடர்பில்லாமல் தண்ணீருக்குள் இரும்பு எலும்புக்கூடு மட்டும் நிற்கிறது. புதுச்சேரியில் பழைய பாலத்தின் தூண்களைப் பார்த்து வளர்ந்த எங்கள் இருவருக்கும் அது அந்நியமாகப் படவில்லை.

"அம்மா போனப்ப இங்கதான் வந்து நின்னேன்" என்றாள்.

2020 ஏப்ரல், கொரோனா ஊரடங்கு. விமானம் கிடையாது. அன்று இறுதி ஊர்வலத்தை அவள் வீடியோவில் பார்க்கத் தெருமுனை வரைக்கும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தது நான்தான். அதற்கப்புறம் அவள் என்ன செய்தாள் என்று இத்தனை வருடத்தில் நான் கேட்டதே இல்லை. ஒரு நாளைக்கு ஒரு தடவை உடற்பயிற்சிக்கு வெளியே போகலாம் என்று அனுமதி இருந்ததாம். அதை வைத்துக்கொண்டு தினமும் இந்த இடத்துக்கு வந்திருக்கிறாள். வீடியோவில் எத்தனையோ முறை பேசியிருக்கிறோம், இதை அவள் சொன்னதில்லை. பக்கத்தில் நின்றால்தான் சில விஷயங்கள் வாயில் வருகின்றன. அவள் கையைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் அங்கேயே நின்றேன்.

ஊருக்குள் ராயல் பெவிலியன் அரண்மனைக்குக் கூட்டிப்போனாள். முதல் உலகப் போரில் காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்கு அதை மருத்துவமனையாக்கியிருந்தார்கள். முதலில் வந்தவர்கள் 1914 டிசம்பரில், இதே குளிரில் வந்து இறங்கியிருக்கிறார்கள். மதமும் சாதியும் பார்த்து ஒன்பது சமையலறைகள். இறந்துபோன இந்து, சீக்கியச் சிப்பாய்கள் 53 பேரை ஊருக்கு வெளியே குன்றின் மேல் தகனம் செய்தார்கள். அந்த இடத்தில் 1921இல் திறந்த சத்திரி என்ற வெள்ளைப் பளிங்கு மண்டபம் இருக்கிறது. "அவங்க வீட்டுக்கெல்லாம் எப்ப தகவல் போயிருக்கும்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

நாலு மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிட்டது. இன்னும் திறந்திருக்கும் பேலஸ் கடல்பாலத்தருகே வினிகர் ஊற்றிய உருளைக்கிழங்கு வறுவலோடு நின்றோம். கடற்புறாக்களிடமிருந்து அதைக் காப்பாற்றுவது பெரும் வேலை. ஸ்டார்லிங் குருவிகள் கூட்டம் கூட்டமாக வந்து சேர்ந்தன. நம் மைனாவின் உறவுதான். ஐரோப்பாவின் கடுங்குளிர்ப் பகுதிகளிலிருந்து குளிர்காலத்துக்கு இங்கே வருபவையும் அவற்றில் உண்டு. கூட்டம் ஒன்றாகத் திரும்பி, சுருங்கி, விரிந்து, பிறகு பாலத்துக்கடியில் சரேலென்று இறங்கும். நான் 'ஐயோ' என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள் போனால் சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அங்கே போய் நின்றுவிடுங்கள். காற்று புகாத கோட்டும் கனமான ஷூவும் கட்டாயம். குடை வேண்டாம், ஒரு நிமிடம்கூடத் தாங்காது.